எலியின் மண்ணீரலில் முளைத்த முண்டுகள்

குருதிக் கலங்கள் எங்கே உருவாகின்றன? ஓ.எல். பரீட்சையில் "என்பு மச்சையில்" என்று எழுதினால் புள்ளி கிடைத்துவிடும். அந்த ஒற்றைச் சொல்லுக்குப் பின்னால் உள்ள கதையை நாங்கள் வகுப்பில் சொல்வதில்லை. நேரமும் இல்லை, சிலபஸிலும் இல்லை. இங்கே சொல்கிறோம்.

1868இல் கொனிக்ஸ்பேர்க் நகரில் ஏர்ன்ஸ்ட் நொய்மன் மனித எலும்பையும் முயல் எலும்பையும் பிழிந்து பார்த்தார். உள்ளே கரு உள்ள, முதிராத செங்குழியங்கள் இருந்தன. பிறக்கும் இடம் தெரிந்துவிட்டது. ஆனால் செங்குழியம், வெண்குழியம், சிறுதட்டு எல்லாவற்றுக்கும் தாய் ஒன்றா, பலவா? அந்த வாக்குவாதம் தொண்ணூறு வருடம் இழுபட்டது.

ஹிரோஷிமாவுக்குப் பிறகு விஷயம் அவசரமானது. கதிர்வீச்சுக்கு மச்சை செத்துப்போக, குருதி கசிந்தும் கிருமி தொற்றியும் சில வாரங்களில் மனிதர்கள் இறந்தார்கள்.

றொரன்றோவில் இருவர் சேர்ந்தார்கள். ஏர்னஸ்ட் மக்கலக் மருத்துவர். ஜேம்ஸ் டில் பண்ணையில் வளர்ந்த பௌதிகவியலாளர். எலிகளின் மச்சையைக் கதிர்வீச்சால் அழித்து, வேறு எலிகளின் மச்சைக் கலங்களை ஊசியால் ஏற்றினார்கள். பத்து நாள் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை, மக்கலக் அந்த எலிகளை வெட்டிப் பார்த்தால் மண்ணீரலில் சின்னச் சின்ன முண்டுகள். வேறொருவர் என்றால் வீசியிருப்பார். இவர் உட்கார்ந்து எண்ணினார். ஏற்றிய கலங்கள் கூடக் கூட முண்டுகளும் அதே விகிதத்தில் கூடின. ஏறக்குறைய 10,000 கலத்துக்கு ஒன்று. 1961இல் கட்டுரை வந்தது. 1963இல் அவர்களது மாணவர் அன்டி பெக்கர், கதிர்வீச்சு நிறமூர்த்தங்களில் விட்ட வடுக்களை அடையாளமாக வைத்து, ஒரு முண்டு ஒரே கலத்தின் வாரிசு என்று காட்டினார். அந்த ஒரே முண்டுக்குள் பலவகைக் குருதிக் கலங்களும் இருந்தன. (அந்த முண்டுகளில் பல, அசல் மூலக்கலத்தின் பிள்ளைகளிலிருந்து வந்தவை என்று பின்னர் தெரிந்தது. வழி திறந்தது இவர்கள்தான்.)

எங்கள் இடுப்பெலும்பிலும் நெஞ்செலும்பிலும் முள்ளந்தண்டிலும் நடப்பதும் இதுதான். மூலக்கலம் பிரிந்து தன்னைப் போல் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை வேலைக்கு அனுப்புகிறது. அந்த வழியில் வரும் செங்குழியம் தன் கருவையே வெளியே தள்ளிவிட்டுக் குருதிக்குள் இறங்கி, சுமார் 120 நாள் உழைக்கிறது. செக்கனுக்கு 20 இலட்சம் அளவில் புதிதாகப் பிறக்கின்றன. இரத்ததான முகாம் வைத்தால் "ரத்தம் குறைஞ்சிரும் சேர்" என்று ஒதுங்கும் எங்கள் வாலிபர்களுக்கு நாங்கள் சொல்லும் கணக்கும் இதுவே.

மச்சை மாற்றுச் சிகிச்சையை வளர்த்த டொனால் தோமஸுக்கு 1990இல் நோபல் கிடைத்தது. டில்லுக்கும் மக்கலக்குக்கும் 2005இல் லாஸ்கர் விருது மட்டும். மக்கலக் 2011இல் காலமானார்.