நாடா கோர்த்த பைஜாமா

பாரசீகத்தில் ‘பாய்’ என்றால் கால், ‘ஜாமா’ என்றால் ஆடை. இரண்டும் சேர்ந்த பைஜாமா, வட இந்தியாவில் ஆண்களும் பெண்களும் பகலில் அணிந்த உடை. இந்தியாவில் இருந்த ஆங்கிலேயர் இதை முஸ்லிம்களைப் பார்த்து எடுத்துக்கொண்டு, வீட்டில் ஓய்வாக இருக்கும்போது உடுத்தினர். 1886இல் வெளிவந்த ‘ஹாப்சன்-ஜாப்சன்’ அகராதி இதைப் பதிவு செய்திருக்கிறது. பிரிட்டனில் 1870களுக்குப் பின், நீண்ட இரவு அங்கியின் இடத்தை இது மெல்லப் பிடித்தது.

பழைய வெட்டுமுறையின் அழகே சிக்கனம்தான். தறியில் வந்த துணியின் அகலத்தை ஒட்டியே, துணி வீணாகாமல் நேராக வெட்டுவார்கள். அப்படி வெட்டிய இரு கால்களை மட்டும் இணைத்தால், உட்காரும்போது தையல் விட்டுப்போகும். அதனால் கவட்டில் தனியாக ஒரு துண்டு வைத்துத் தைத்தனர். சம்மணமிட்டு அமர்பவருக்கு இந்தச் சிறு துண்டே பெரிய வசதி. மேலைநாட்டு வெட்டில் அதற்குப் பதிலாக வளைந்த கவட்டுத் தையல் வந்தது.

ஐசக் சிங்கர் 1851இல் தையல் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார்; எபனேசர் பட்டரிக் 1863இல் பல அளவுகளில் காகித வெட்டுப்படிவங்களை விற்கத் தொடங்கினார். வீட்டிலேயே உடை தைப்பது இவற்றால் எளிதாயிற்று. பைஜாமாவுக்கோ காலர், கை என்ற சிக்கல் எதுவும் இல்லை. இடுப்பை மடித்துத் தைத்து நாடா கோர்த்தால் போதும். பிற்காலத்தில் நாடா இருந்த மடிப்புக்குள் எலாஸ்டிக் புகுந்தது.