படை பயின்ற நிலமும் பூங்கா இழந்த ஊரும்

சுள்ளிக்கல்லிலிருந்து வடமேற்காக நடப்போர், நெருங்கிய தெருக்களைக் கடந்து கோட்டைக் கொச்சியை அடைந்ததும் ஒரு பெரிய திறந்த வெளியைக் காண்பர். பரேடு மைதானம் என்பது அதன் பெயர். மாலையில் பந்தின் பின்னே ஓடும் சிறுவரையும், தூங்குமூஞ்சி மரத்தடியில் அமர்ந்து கடலை கொறிக்கும் குடும்பங்களையும் காணும் நம்மவர்க்கு, அது பிள்ளைகளுக்கென்றே அமைந்த இடமாகத் தோன்றும். உண்மை அதுவன்று.

1503இல் போர்த்துகீசியர் இவ்வூரில் கோட்டை கட்டினர். 1663இல் டச்சுக்காரர் அதனைக் கைப்பற்றினர். 1795இல் ஆங்கிலேயர் வசமாயிற்று. கொடிதான் மாறிற்றேயன்றி இந்நிலத்தின் வேலை மாறவில்லை. மூவர் படைகளும் இங்கேயே அணிவகுத்துப் பயின்றன. 1806இல் ஆங்கிலேயர் கோட்டை மதில்களை வெடி வைத்துத் தகர்த்தனர். வெறுந்தரையைத் தகர்ப்பார் யார்? அது தப்பிற்று. 1524இல் வாஸ்கோடகாமாவை அடக்கம் செய்த பிரான்சிஸ் தேவாலயமும் மைதானத்தின் அருகே இன்றும் நிற்கிறது. படைகள் அகன்ற பின் மைதானம் சிறுவர் கைக்கு வந்தது.

நம் மட்டாஞ்சேரி கொச்சி மன்னர்க்குரியது. கோட்டைக் கொச்சியோ மலபார் மாவட்டத்தைச் சேர்ந்து, 1956இல் கேரளம் அமையும்வரை சென்னை ஆட்சியின்கீழ் இருந்தது. அதாவது, அக்காலத்தில் மட்டாஞ்சேரித் தமிழன் கால்நடையாகவே சென்னை இராச்சியத்துக்குள் சென்று பந்தாடித் திரும்பியிருக்கலாம்!

அந்தச் சென்னையில் நடந்ததோ இதற்கு நேர்மாறு. 1859இல் ஆளுநராக வந்த டிரெவெலியன், நகர மக்கள் உலவுவதற்கென்றே பூங்கா ஒன்றை வகுத்தார். பீப்பிள்ஸ் பார்க் எனப்பட்ட அதன் பரப்பு ஏறத்தாழ 116 ஏக்கர். குளங்கள், வாத்திய மேடை, விலங்குக் காட்சிச்சாலை யாவும் அதில் இருந்தன. பெயரிலேயே மக்களைத் தாங்கிய அப்பூங்காவுக்கு வந்த வாழ்வைப் பாருங்கள். விக்டோரியா மண்டபம் எழுந்தது. 1900இல் மூர் மார்க்கெட் வந்தது. 1913இல் மாநகராட்சியின் ரிப்பன் மாளிகை. ஒவ்வொன்றும் ஊருக்கு வேண்டியதே. ஒன்றையும் நாம் குறை கூறோம். எனினும் ஒவ்வொன்றும் சிறிது நிலத்தைத் தின்றது. 1985இல் விலங்குகள் வண்டலூருக்குச் சென்றன. அதே ஆண்டில் மூர் மார்க்கெட் தீக்கிரையாயிற்று. எரிந்த இடம் பூங்காவுக்குத் திரும்பவில்லை. புறநகர் இரயில் நிலையம் அங்கே எழுந்தது. நம் இருப்புப்பாதைக்கும் இதில் பங்குண்டு என்பதை இருப்புப்பாதை எழுத்தராகிய நாமே மறைத்தல் தகாது. காலியான நிலத்தைக் கண்டால் கட்டடத்துக்கு வரைபடம் போடுவது அலுவலகங்களின் இயல்பு.

மிஞ்சியது மைலேடீஸ் பூங்கா என்னும் சிறு பகுதியே. ஆயினும் சென்ட்ரலுக்கு எதிரே இறங்குவோர் ‘பூங்கா’ என்னும் நிலையப் பலகையை இன்றும் காணலாம். அப்பெயர் எதனால் வந்ததென்று பயணச்சீட்டு வாங்குவோருள் கேட்பார் அரியர்.

நம் குடியிருப்புகளில் முற்றம் ஏது? சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகளிலிருந்து நம் பிள்ளைகள் பரேடு மைதானத்துக்கே செல்கின்றனர். மலையாளச் சிறுவரோடு கூடி ஆடுகின்றனர். சிறு குழந்தைகளுக்குக் கடலோரத்தில் நேருவின் பெயர் தாங்கிய சிறுவர் பூங்கா இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் மைதானத்தில் இடம் பிடிக்க வேண்டுமாயின் பொழுது புலர்வதற்குள் வீட்டை விட்டுப் புறப்பட வேண்டும்.