பெசகா அப்பம்

பெசகா அப்பம் என்பது கேரளத்தின் தோமையார் கிறித்தவர்கள் பெரிய வியாழன் இரவில் வீட்டில் செய்து உண்ணும் புளிக்காத அப்பம் ஆகும். இதனுடன் பெசகா பால் என்னும் இனிப்புப் பாலும் பரிமாறப்படுகிறது. பெசகா என்பது யூதர்களின் பாசுகா விழாவைக் குறிக்கும் சிரியாக்குச் சொல்.

செய்முறை

அரிசி மாவுடன் அரைத்த உளுந்து, தேங்காய், சின்ன வெங்காயம், பூண்டு, சீரகம், உப்பு ஆகியவற்றைக் கலந்து, கள்ளோ ஈஸ்ட்டோ சேர்க்காமல், மாவு புளிக்கும் முன்பே ஆவியில் வேகவைப்பர். (இட்லிக்கு நேரெதிரான முறை.) குருத்து ஞாயிறன்று கோயிலில் பெற்ற ஓலையைச் சிலுவையாக்கி ஓர் அப்பத்தின் மேல் வைப்பர். இது குரிசப்பம் எனவும் இண்டறியப்பம் எனவும் அழைக்கப்படுகிறது. பின்னைய பெயர் இயேசுவின் சிலுவைப் பலகையில் இருந்த ஐ.என்.ஆர்.ஐ. என்னும் இலத்தீன் எழுத்துகளிலிருந்து வந்ததாகக் கூறுவர்.

தேங்காய்ப்பாலில் வெல்லம், சிறிது அரிசி மாவு, சுக்கு, ஏலக்காய் சேர்த்துக் காய்ச்சினால் பெசகா பால். நேப்பிள்ஸ் நகரத்தாரின் பாஸ்தியேரா போன்ற இத்தாலிய உயிர்ப்பு விழா இனிப்புகளில் ரிக்கோட்டா பாலாடைக்கட்டியும் முட்டையும் மிகுதி. ஐம்பது நோன்பில் பாலையும் முட்டையையும் விலக்கும் குடும்பங்களுக்கோ தேங்காய்ப்பாலே பொருந்துகிறது.

வழக்கம்

செபத்துக்குப் பின் குடும்பத் தலைவர் அப்பத்தை வெட்டி, மூத்தவர் முதல் இளையவர் வரை வரிசையாக வழங்குவார். பாலில் தோய்த்து உண்பர். அவ்வாண்டில் இறப்பு நேர்ந்த வீட்டில் அப்பம் செய்வதில்லை. உறவினரோ அண்டை வீட்டாரோ தாம் செய்ததைக் கொண்டுவந்து கொடுப்பர்.