ஒரு நிமிஷம் பேச எவ்வளவு? போன் பில்லும் நோயும்

1/
சமயபுரத்துல இருந்து சென்னைக்கு ஒரு நிமிஷம் பேச எவ்வளவு ஆகும்?
இன்னைக்கு இந்தக் கேள்வியே சிரிப்பா இருக்கும். ஆனா 30 வருஷம் முன்னாடி அப்பாவுக்கு நெஞ்சுவலின்னா, அந்தச் செய்தி வெளியூர் மகனுக்கு எப்போ போகும், எவ்வளவு போகும் என்பதை இந்தக் கேள்விதான் முடிவு செய்தது.
அந்தக் கதைதான் இந்த இழை. கொஞ்சம் நீளம், பொறுமையா படிங்க 👇

2/
சென்னை, பம்பாய், கல்கத்தாவில் 1882-லேயே டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் வந்துவிட்டது. ஆனால் அதன் பிறகும் பல பத்தாண்டுகளுக்கு வெளியூர் பேச வேண்டும் என்றால் ட்ரங்க் கால் புக் பண்ணிவிட்டு மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.
அவசரம்னா அர்ஜென்ட் கால், 2 மடங்கு கட்டணம்.
தலைபோற அவசரம்னா லைட்னிங் கால், 8 மடங்கு!
அதனால்தான் சாதாரணக் குடும்பங்களில் "உடனே கிளம்பி வா" என்பது தந்தியாகவே போனது.

3/
1960-ல் கான்பூருக்கும் லக்னோவுக்கும் இடையே எஸ்.டி.டி வந்தது. ஆபரேட்டர் இல்லாமல் நாமே டயல் செய்யலாம். நம்ம திருச்சிக்கு 0431. சமயபுரத்துக்கும் அதே கோடுதான். ஸ்ரீரங்கத்துக்குப் பேசினால் லோக்கல், சென்னைக்குப் பேசினால் எஸ்.டி.டி.
கட்டணம் 'பல்ஸ்' கணக்கு. ஊர் தூரமாகத் தூரமாக மீட்டர் வேகமாக ஓடும். இரவு ஏற ஏறக் கட்டணம் பாதி, பிறகு கால் என்று குறையும்.

4/
1984-ல் சி-டாட் தொடங்கப்பட்டது. சாம் பிட்ரோடா முன்னின்று நடத்திய அந்த முயற்சியால் கிராமங்களுக்கு ஏற்ற எக்ஸ்சேஞ்ச் உள்நாட்டிலேயே தயாரானது. கூடவே மஞ்சள் போர்டு எஸ்.டி.டி பூத்கள் தெருவுக்குத் தெரு வந்தன.
கண்ணாடிக் கதவு, சின்ன ஃபேன், தலைக்கு மேல் சிவப்பு எழுத்தில் ஏறிக்கொண்டே போகும் தொகை. ராத்திரி கால் கட்டணத்துக்குக் காத்திருக்கும் வரிசை.
வீட்டில் போன் இல்லாதவர்களுக்கு 'பி.பி. நம்பர்'. பக்கத்து வீட்டுக்காரர் கூப்பிட்டால் ஓடிப்போய்ப் பேச வேண்டும்.

5/
இதில் மருத்துவம் எங்கே வருது?
நோயைக் கண்டுபிடிப்பதில் ஸ்கேனுக்கும் ரத்தப் பரிசோதனைக்கும் முன்னால் வருவது நோயாளி சொல்லும் கதை. எப்போ ஆரம்பிச்சது? நடந்தா கூடுதா? வியர்த்துச்சா? இதையெல்லாம் சொல்ல நேரம் வேணும்.
பக்கத்து வீட்டுக் கூடத்தில் நின்றுகொண்டோ, தலைக்கு மேல் மீட்டர் ஓடும்போதோ யார் இதையெல்லாம் சொல்வார்கள்? "இங்க எல்லாரும் நல்லா இருக்கோம், நீ உடம்பப் பாத்துக்க." அவ்வளவுதான். கால் வீக்கமும் மூச்சிரைப்பும் அந்த ஒரு வரிக்குள் மறைந்துவிடும்.

6/
வெளிநாடு என்றால் இன்னும் மோசம். 1990-களில் அமெரிக்காவுக்கு ஒரு நிமிடம் பேச 50 ரூபாய்க்கு மேல். சிங்கப்பூர், மலேசியா, வளைகுடா என்று பிள்ளைகளை அனுப்பிய மாவட்டம் நம்முடையது. மாதம் ஒரு போன், அதுவும் மூணு நிமிஷம்.

7/
1995-ல் வோக்கல்டெக் என்ற இஸ்ரேல் நிறுவனம் 'இன்டர்நெட் போன்' என்ற மென்பொருளை வெளியிட்டது. விஷயம் எளிமையானது.
பழைய போனில் நீங்கள் பேசி முடிக்கும் வரை ஒரு முழுப் பாதை உங்களுக்காகவே ஒதுக்கப்படும். மௌனமாக இருந்தாலும் அது உங்களுடையது, அதற்கும் காசு.
இன்டர்நெட்டில் குரல் சின்னச் சின்னப் பொட்டலங்களாக, மற்ற தகவல்களோடு ஒரே பாதையில் போகும். பழைய முறையில் ஒரு குரலுக்கு நொடிக்கு 64 கிலோபிட். சுருக்கி அனுப்பினால் 8 கிலோபிட்டே போதும். தூரத்துக்குத் தனிக் காசு இல்லை.

8/
அதே 1995 ஆகஸ்ட் 15 அன்று வி.எஸ்.என்.எல் இந்தியாவில் பொதுமக்களுக்கு இன்டர்நெட்டைத் தந்தது. அப்போ சிக்கல் தீர்ந்ததா?
இல்லை. இன்டர்நெட் வழியாகப் போன் பேசுவதற்கு இங்கே தடை!
ஒரு நியாயமும் சொன்னார்கள். எஸ்.டி.டி, ஐ.எஸ்.டி வருமானத்தில்தான் லோக்கல் காலையும் கிராமத்து இணைப்பையும் மலிவாகக் கொடுக்க முடிந்தது. அது உண்மைதான். ஆனால் அந்த மலிவுக்கான பணத்தைக் கட்டியவர்களில் பிள்ளையை வெளிநாட்டுக்கு அனுப்பிய ஏழைத் தாயும் உண்டு.

9/
2002 ஏப்ரல் 1 அன்று பாதிக் கதவு திறந்தது. இங்குள்ள கணினியிலிருந்து வெளிநாட்டு போனுக்குப் பேசலாம். உள்ளூர் போனுக்குப் பேசக் கூடாது! பிரௌசிங் சென்டர்களில் ஹெட்போன் மாட்டி அம்மாக்கள் பேசத் தொடங்கியது இந்தக் காலம்தான்.
2003-ல் ஸ்கைப் வந்தது. 2006-ல் பி.எஸ்.என்.எல்லின் 'ஒன் இந்தியா' திட்டத்தில் நாடு முழுக்க நிமிடத்துக்கு 1 ரூபாய். 2015-ல் வாட்ஸ்அப் கால், 2016-ல் ஜியோ.
இன்டர்நெட் ஆப்பிலிருந்து உள்நாட்டு லேண்ட்லைனுக்கும் பேசும் மீதிக் கதவு 2018-ல்தான் திறந்தது. அந்த ஆண்டே பி.எஸ்.என்.எல் 'விங்ஸ்' என்ற சேவையை அறிவித்தது.

10/
கவனிங்க, தொழில்நுட்பம் 1995-லேயே தயார். விதி மாற 2002-ம், பிறகு 2018-ம் ஆனது.
ஐக்கிய அரபு அமீரகத்தில் வாட்ஸ்அப் காலைப் பல ஆண்டுகளாக முடக்கியே வைத்திருக்கிறார்கள். சவுதியில் 2017-ல் இன்டர்நெட் கால்களுக்கான தடையை விலக்கினார்கள். கடல் தாண்டி ஒரு கையெழுத்து மாறினால் இங்கே ஒரு வீட்டின் பேச்சே மாறும்.

11/
மிச்சமான காசு என்ன வாங்கித் தந்தது? என் துறையிலிருந்து ஒரு உதாரணம்.
அரவிந்த் கண் மருத்துவமனை தேனிப் பகுதியில் கிராமப்புறக் கண் மையங்களை நீண்டதூர வை-ஃபை மூலம் இணைத்தது. கிராமத்தில் உட்கார்ந்திருக்கும் பாட்டி, தேனியில் இருக்கும் டாக்டரிடம் வீடியோவில் பேசினார். நிமிடக் கணக்கு இருந்திருந்தால் இது நடந்திருக்குமா?
இன்று துபாயில் இருக்கும் மகள் ரிப்போர்ட்டை வீடியோவில் பார்த்துக்கொண்டே "ஏம்ப்பா சுகர் மாத்திரைய நிறுத்துன?" என்று சண்டை போடுகிறாள். அந்தச் சண்டை ஒரு பெரிய மருத்துவ முன்னேற்றம் 🙂

12/
கடைசியா, காசு மிச்சம் பிடிப்பவர்களுக்கு மூன்று விஷயம்.
✅ பழைய செம்புக் கம்பி லேண்ட்லைனுக்கு மின்சாரம் எக்ஸ்சேஞ்சிலிருந்தே வரும். இன்றைய ஃபைபர் லேண்ட்லைன் உண்மையில் ஒரு இன்டர்நெட் கால்தான். கரண்ட் போனா மோடம் அணையும், போனும் போகும். வயதானவர்கள் தனியாக இருந்தால் மோடத்துக்குச் சின்ன யு.பி.எஸ் வையுங்கள்.
✅ வாட்ஸ்அப்பில் 108-ஐ அழைக்க முடியாது. "அதான் வைஃபை இருக்கே" என்று பெற்றோரின் சிம் ரீசார்ஜை நிறுத்தாதீர்கள்.
✅ 108, மகன், மகள், பக்கத்து வீடு. இந்த எண்களைப் பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள்.

13/
இப்போ மீட்டர் ஓடவில்லை. ஆனாலும் நம் பெற்றோர் இன்னும் "நல்லா இருக்கோம்" என்று மூன்று வார்த்தைக்குள் முடித்துவிடுகிறார்கள். பழக்கதோஷம்.
அடுத்த முறை பேசும்போது உடனே வைக்காதீங்க. "நேத்து நைட் நல்லா தூங்குனீங்களா? படி ஏறுனா மூச்சு வாங்குதா?" என்று ஒரு கேள்வி கூடுதலாகக் கேளுங்க.
அதுக்குக் காசு இல்லை.


பொது மருத்துவர், சமயபுரம்