உதவி எப்போது வந்தது? பிலிப்பைன்ஸ் பணிப்பெண்களின் கதை

போன மாதம் வகுப்பில் பேலன்ஸ் ஆஃப் பேமென்ட்ஸ் பாடம் நடந்தது. வெளிநாட்டில் வேலை செய்பவர்கள் வீட்டுக்கு அனுப்பும் பணத்தை வரவுப் பக்கத்தில் ஒரே வரியில் எழுதி முடித்துவிட்டோம். அதற்கு உதாரணமாகச் சொன்ன நாடு பிலிப்பைன்ஸ். 2023-ல் வங்கிகள் வழியாக மட்டும் அந்த நாட்டுக்கு வந்த பணம் சுமார் 3,349 கோடி டாலர். தேர்வுக்கு இவ்வளவு தெரிந்தால் போதும்.

ஆனால் வெளிநாட்டில் இருக்கும் பிலிப்பைன்ஸ் தொழிலாளர்களில் பாதிக்கும் மேல் பெண்கள். அவர்களில் பலர் அடுத்தவர் வீட்டில் சமைத்து, துணி துவைத்து, குழந்தை பார்த்துக்கொள்பவர்கள். அங்கே அவர்களுக்கு ஏதாவது ஆனால் யார் கேட்பார்கள்? அந்த ஒரு வரி மனதில் உறுத்தியதால் தேடிப் படித்தேன். படித்ததை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

முதலில் வந்தது பணக் கணக்கு

1973-ல் எண்ணெய் விலை ஏறியது. வளைகுடா நாடுகளில் கட்டட வேலை குவிந்தது. பிலிப்பைன்ஸில் வேலையும் இல்லை, அந்நியச் செலாவணியும் இல்லை. 1974-ல் அதிபர் மார்க்கோஸ் கொண்டுவந்த தொழிலாளர் சட்டம், வெளிநாட்டுக்கு ஆள் அனுப்புவதற்கென்றே ஒரு வாரியத்தை அமைத்தது. 1977-ல் ஒரு நல நிதியும் தொடங்கியது. அதற்கு ஒரு தொழிலாளிக்கு, ஒரு ஒப்பந்தத்துக்கு 25 டாலர் சந்தா. ஆபத்தில் கைகொடுக்க வேண்டிய நிதி வரிப்பணத்தில் இருந்து வரவில்லை, வெளியே போகிறவர் பெயரில் கட்டிய சந்தாவில் இருந்துதான் வந்தது. ஒரு வகையில் இன்ஷூரன்ஸ் பிரீமியம் மாதிரி.

1982-ல் இன்னொரு உத்தரவு வந்தது. வெளிநாட்டில் இருப்பவர்கள் சம்பளத்தில் ஒரு பங்கைக் கட்டாயம் வங்கி வழியாக ஊருக்கு அனுப்ப வேண்டும். கப்பல் ஊழியர் என்றால் 80 சதவீதம், வீட்டுப் பணிப்பெண் என்றால் 50 சதவீதம். அனுப்பாவிட்டால் பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்க மாட்டார்கள்! ஹாங்காங்கில் இருந்த பணிப்பெண்கள் ஒன்றுசேர்ந்து எதிர்த்தார்கள். 1985-ல் அரசு தண்டனையைக் கைவிட்டது.

1988-ல் அதிபர் கொராசோன் அக்கினோ, துன்புறுத்தல் புகார்கள் பெருகியதால் பணிப்பெண்களை அனுப்பவே தடை போட்டார். சில மாதங்களில் நாடு நாடாகத் தடை தளர்ந்தது. அதே வருடம் ஹாங்காங் போனவர் அங்கிருந்த பணிப்பெண்களை நாட்டின் புதிய வீராங்கனைகள் என்று புகழ்ந்தார். தடையில் ஒரு சிக்கல் உண்டு. வறுமை அப்படியே இருக்கும்போது வாசலை மட்டும் மூடினால், பெண்கள் சுற்றுலா விசாவில் ஏஜெண்ட் காட்டும் வழியில் போவார்கள். ஆள் கடத்துபவனுக்கு அது வசதி.

1995 மார்ச் 17

ஃப்ளோர் கான்டெம்ப்ளேசியோன் நான்கு பிள்ளைகளின் தாய். சிங்கப்பூரில் வீட்டு வேலை செய்தார். 1991-ல் இன்னொரு பிலிப்பைன்ஸ் பணிப்பெண்ணையும், அந்தப் பெண் பார்த்துக்கொண்ட நான்கு வயதுச் சிறுவனையும் கொன்றதாகக் கைதானார். போலீசிடம் அவர் கொடுத்த வாக்குமூலமே வழக்கின் ஆதாரம். மரண தண்டனை விதிக்கப்பட்டது. கடைசி நேரத்தில் புதிய சாட்சிகள் என்று சிலர் வந்தார்கள். அதிபர் ஃபிடல் ராமோஸ் தண்டனையைத் தள்ளிவைக்கக் கேட்டார். சிங்கப்பூர் ஏற்கவில்லை. 1995 மார்ச் 17 விடியற்காலையில் தூக்கு நிறைவேறியது.

அவர் குற்றவாளியா இல்லையா என்ற வாதத்துக்குள் நான் போகவில்லை. பிலிப்பைன்ஸ் மக்கள் கேட்ட கேள்வி வேறு. கைதான நாளில் நம் தூதரகம் எங்கே இருந்தது? நல்ல வக்கீலை வைத்தார்களா? மணிலாவில் கூட்டம் கூட்டமாக மக்கள் தெருவுக்கு வந்தார்கள். வெளியுறவுத் துறைச் செயலர் பதவி விலகினார். மே மாதம் தேர்தல் வேறு இருந்தது.

மூன்று மாதம்கூட ஆகவில்லை. ஜூன் 7 அன்று குடியரசுச் சட்டம் 8042 கையெழுத்தானது. புலம்பெயர் தொழிலாளர்களுக்கான விரிவான சட்டம் அது. அதில் எனக்கு முக்கியமாகப் பட்டவை:

1. பிலிப்பைன்ஸ் தொழிலாளர்கள் அதிகம் இருக்கும் நாடுகளில், தூதரக வளாகத்துக்குள்ளேயே ஓர் உதவி மையம். ஞாயிறு, விடுமுறை பார்க்காமல் 24 மணி நேரமும் திறந்திருக்க வேண்டும்.

2. வக்கீல் செலவுக்குத் தனி நிதி, அவசரமாக ஊருக்கு அழைத்துவரத் தனி நிதி.

3. ஊருக்கு அழைத்துவரும் முதல் பொறுப்பு, அனுப்பிய ஏஜென்சிக்கு.

4. சம்பள பாக்கிக்கு வெளிநாட்டு முதலாளியும் உள்ளூர் ஏஜென்சியும் கூட்டாகவும் தனித்தனியாகவும் பொறுப்பு. பார்ட்னர்ஷிப் பாடத்தில் நாம் படிக்கும் அதே விஷயம். ரியாத்தில் இருக்கும் முதலாளியை ஓர் ஏழைப் பெண் கோர்ட்டுக்கு இழுக்க முடியாது. மணிலாவில் இருக்கும் ஏஜென்சியை இழுக்கலாம்.

இதே சட்டம், வெளிநாட்டு வேலையைப் பொருளாதார வளர்ச்சிக்கான வழியாக அரசு ஊக்குவிக்கவில்லை என்றும் சொல்கிறது. மேலே சொன்ன 3,349 கோடியை நினைத்துப் பாருங்கள்!

இன்னொரு கணக்கும் போட்டுப் பார்த்தேன். சம்பளத்தை ஊருக்கு அனுப்பக் கட்டாயப்படுத்தியது 1982-ல். ஆபத்தில் சிக்கியவரை ஊருக்கு அழைத்துவர இப்படி ஒரு சட்டம் வந்தது 1995-ல். நடுவில் பதிமூன்று வருடம்.

சட்டத்துக்குப் பிறகு

வளைகுடா நாடுகளில் கஃபாலா என்ற முறை. விசா முதலாளியின் கையில். அவர் சம்மதம் இல்லாமல் வேலையை விட்டால் 'ஓடிப்போனவள்' என்று வழக்கு. தப்பித்து வந்த பெண்ணுக்குத் தூதரகம் தங்க இடம் தரலாம், சோறு போடலாம். ஆனால் நாட்டைவிட்டு வெளியேறும் அனுமதிக்காக அவர் மாதக்கணக்கில் காத்திருக்க நேரும். அந்தக் காத்திருப்பிலும் ஆபத்து இருந்தது. ஊருக்கு அனுப்புவதற்குப் பதிலாக அதிகாரிகள் சிலர் பெண்களிடம் தவறாக நடக்க முயன்றார்கள் என்று 2013-ல் நாடாளுமன்ற உறுப்பினர் வால்டன் பெல்லோ வெளிப்படுத்தினார். அடைக்கலம் தேடிப் போன இடத்திலேயே இப்படி.

2018 பிப்ரவரியில் குவைத்தில், ஆளில்லாத ஒரு வீட்டின் ஃப்ரீசரில் ஒரு பணிப்பெண்ணின் உடல் கிடைத்தது. ஒரு வருடத்துக்கும் மேலாக அவரைக் காணவில்லை. மறுபடி தடை. ஏப்ரலில் தூதரகத்தினர் நேராக வீடுகளுக்கே போய்ப் பெண்களை மீட்கும் வீடியோக்கள் வெளியாக, குவைத் தூதரை வெளியேற்றியது. மே 11 அன்று ஒப்பந்தம் ஆனது. பாஸ்போர்ட்டை முதலாளி வைத்துக்கொள்ளக் கூடாது, போன் வைத்திருக்கலாம், வாரம் ஒரு நாள் விடுமுறை. இவ்வளவு சாதாரணமான விஷயங்களுக்கு ஓர் உயிர் போக வேண்டியிருந்தது. 2021 டிசம்பரில் இவர்களுக்கென்றே தனி அமைச்சகம் அமைக்கும் சட்டமும் வந்தது.

மூதூர் பெண்

இதைப் படிக்கும்போது நம் மொழி பேசிய ஒரு பெண் நினைவுக்கு வந்தார். இலங்கையில் மூதூரைச் சேர்ந்த ரிசானா நஃபீக். 2005-ல் சவூதிக்குப் போனபோது பிறப்புச் சான்றிதழ்படி வயது 17. பாஸ்போர்ட்டில் 23. போன சில வாரங்களிலேயே, அவர் பார்த்துக்கொண்ட கைக்குழந்தை இறந்தது. வக்கீல் இல்லாமல் கொடுத்த வாக்குமூலம், சரியான மொழிபெயர்ப்பாளரும் இல்லை. 2007-ல் மரண தண்டனை. மேல்முறையீட்டுச் செலவுக்கான பணத்தைத் திரட்டியது ஆசிய மனித உரிமைகள் ஆணையம் என்ற தனியார் அமைப்பு. 2013 ஜனவரி 9 அன்று தண்டனை நிறைவேறியது. இலங்கையில் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் 1985 முதலே இருந்தது என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

இரண்டு வழக்கிலும் எல்லாம் முடிவானது முதல் சில நாட்களில், போலீஸ் விசாரணையில். அரசுகள் வேகமாக ஓடியதோ கடைசி நாட்களில். அதிபர் கடிதம் எல்லாம் அப்போதுதான். தூதரைத் திரும்ப அழைத்ததோ தண்டனை நிறைவேறிய பிறகு. என்னைக் கேட்டால், கைதான அன்றே பக்கத்தில் உட்கார ஒரு வக்கீலும், அந்தப் பெண்ணின் மொழி தெரிந்த ஒருவரும் இருக்க வேண்டும். பெரிய செலவு ஒன்றும் இல்லை. அவர்கள் அனுப்பும் பணத்தில் ஒரு சின்னத் துளி போதும்.

அடுத்த முறை வரவுப் பக்கத்தில் அந்த வரியை எழுதும்போது, இந்த இரண்டு பேரும் என் நினைவுக்கு வருவார்கள்.