கோல்ச்சிசின்: ஓர் அளவின் வரலாறு

குறிஞ்சிப்பாட்டின் நீண்ட பூப்பட்டியலைத் தொடங்கிவைக்கும் செங்காந்தள் இன்று தமிழ்நாட்டின் மாநில மலர். உழவர்களுக்கு அது கண்வலிக்கிழங்கு; கிழங்கின் வளைவைப் பார்த்துக் கலப்பைக்கிழங்கு என்போரும் உண்டு. தாராபுரம், மூலனூர், ஒட்டன்சத்திரம் வட்டாரங்களில் இதைப் பயிரிடுவது விதைக்காக. விதையிலுள்ள கோல்ச்சிசின் என்ற ஆல்கலாய்டுக்கு வெளிநாட்டில் சந்தை இருக்கிறது. இந்தச் சேர்மத்தின் கதையைக் கண்டுபிடிப்புகளின் வரிசையாகவே எழுதிவருகிறார்கள். ‘எவ்வளவு கொடுப்பது?’ என்ற கேள்வியின் வரலாறாக அதை வாசித்தால் தெளிவு கூடுகிறது.

காந்தளின் குடும்பத்தைச் சேர்ந்த கோல்ச்சிகம் ஐரோப்பாவில் இலையுதிர்காலத்தில் பூக்கும். யூரிக் அமிலப் படிகங்களால் மூட்டு வீங்கும் கவுட் நோய்க்கு இவ்வகைக் கிழங்கை 6ஆம் நூற்றாண்டிலேயே டிரால்லஸ் நகரத்து அலெக்சாண்டர் பரிந்துரைத்தார். அது வயிற்றைக் கெடுக்கும் என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது. 18ஆம் நூற்றாண்டில் ஹுஸன் என்ற பிரெஞ்சு ராணுவ அதிகாரி ஓர் இரகசியக் குடிநீரை விற்றார். அதன் சரக்கு கோல்ச்சிகம்தான் என்று லண்டன் மருத்துவர் ஜான் வான்ட் 1814இல் சொன்னார். 1820இல் பெல்லெட்டியரும் காவாந்தூவும் கோல்ச்சிகத்திலிருந்து ஆல்கலாய்டைப் பிரித்தெடுத்தனர். 1833இல் கைகர் அதற்குப் பெயரிட்டார். 1884இல் ஹூதே படிகமாக்கினார்.

செடிக்குச் செடி மாறும் வீரியச் சிக்கல் இதோடு தீர்ந்தது. அளவுச் சிக்கல் தீரவில்லை. வலி குறையும்வரை, அல்லது பேதி தொடங்கும்வரை மணிக்கொரு மாத்திரை என்பதே 20ஆம் நூற்றாண்டிலும் நடைமுறை. பேதியை அளவுகோலாக வைத்துக்கொண்ட மருத்துவம் என்று இதைச் சொல்லலாம். நோயாளியின் குடல்தான் தராசு.

காரணம் மருந்தின் செயலிலேயே இருக்கிறது. கோல்ச்சிசின் உயிரணுக்களுக்குள் உள்ள டியூபுலின் புரதத்தைப் பற்றிக்கொண்டு, நுண்குழல்கள் உருவாவதைத் தடுக்கிறது. வெள்ளணுக்கள் வீங்கிய மூட்டை நோக்கி நகர முடியாமல் போகின்றன, வலி தணிகிறது. அதே தடை, வேகமாகப் பிரியும் குடற்படல அணுக்களையும் எலும்பு மச்சையையும் தாக்குகிறது. நன்மைக்கும் நஞ்சுக்கும் ஒரே வாசல் என்பதால் இடைவெளி குறுகியது.

23 மரணங்கள் பதிவான பின், 2008இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் அங்கீகாரம் பெறாத கோல்ச்சிசின் ஊசிகளின் விற்பனையை நிறுத்தச் சொன்னது. 2010இல் வெளியான ஓர் ஆய்வு 1.8 மில்லிகிராமையும் 4.8 மில்லிகிராமையும் ஒப்பிட்டது. வலி தணிப்பதில் இரண்டும் ஏறத்தாழ ஒன்றே; பேதியோ குறைந்த அளவில் 23 விழுக்காட்டினருக்கும், கூடிய அளவில் 77 விழுக்காட்டினருக்கும் வந்தது. இத்தனை காலம் பலர் வீணாகவே அவதிப்பட்டார்கள் என்றுதான் இதைப் படிக்க வேண்டியிருக்கிறது. 2023இல் இதய நோய்த் தடுப்புக்கு அனுமதி பெற்றது நாளொன்றுக்கு 0.5 மில்லிகிராம் மட்டுமே. அந்தச் சிறு அளவும், சிறுநீரகம் பழுதானவர் கிளாரித்ரோமைசின் சேர்த்து உட்கொண்டால், உடலில் தேங்கி ஆபத்தாகலாம்.

ஆயுர்வேதம் காந்தட்கிழங்கை உபவிடங்களில் ஒன்றாக வைத்து, கோமூத்திரத்தில் ஊறவைத்துச் சுத்தி செய்யச் சொல்கிறது. நச்சு என்ற அறிவு அங்கேயும் முதலில் வந்திருக்கிறது. ஆனால் தோண்டி எடுத்த கிழங்குக்கு மில்லிகிராம் கணக்கு கிடையாது. இலங்கையில் வற்றாளங்கிழங்கு என்று எண்ணி இதைச் சமைத்து உண்டவர்கள் உண்டு; கொதிக்கவைத்தாலும் கோல்ச்சிசின் சிதைவதில்லை. முதல் நாள் வாந்தியும் பேதியும் சாதாரண உணவுக்கோளாறு போலவே இருக்கும். மச்சையும் மற்ற உறுப்புகளும் செயலிழப்பது அடுத்த சில நாள்களில்தான் தெரியவரும். பிழைத்தவர்களுக்கு இரண்டு மூன்று வாரங்களில் தலைமுடி கொட்டும்.