480 நாள்

மதுரை ரயில் நிலையத்துக்கு மேற்கே ஹார்வி மில் எழும்பியது 1890-களின் தொடக்கத்தில். ஹார்வி சகோதரர்களுக்குப் பாபநாசத்தில் அருவித் தண்ணீரில் ஓடிய ஆலை ஏற்கெனவே இருந்தது. மதுரைக்கு ரயில் 1875-லேயே வந்துவிட்டது. திருமங்கலம், அருப்புக்கோட்டைக் கரிசலில் பருத்தி விளைந்தது. மழை பொய்த்த வருஷம் ஆளுக்கும் பஞ்சமில்லை.

‘மில்லுக்குப் போற மாப்பிள்ளை’ என்றால் எங்கள் பக்கம் யோசிக்காமல் பெண் கொடுத்தார்கள். மாசம் பிறந்தால் சம்பளம். ஆனால் உள்ளே போனவன் எதுவரை போக முடியும்? நான் வேலை பார்த்தது வேறொரு மில். ஏணி மட்டும் ஒன்றுதான். முதலில் பதிலி: சங்கு ஊதும்போது வாசலில் நின்று, எவனாவது வராவிட்டால் உள்ளே போவது. பிறகு நூல் நிறைந்த பாபினைக் கழற்றிக் காலி பாபின் சொருகும் டாஃபர். அதற்கு மேல் சைடர். நூற்கும் ஃபிரேம் ஓடிக்கொண்டே இருக்கும். பாபினை ஒரு கையால் நிறுத்தி, அறுந்த நூலின் நுனியை எடுத்து, உருளையிலிருந்து இறங்கும் பஞ்சிழையோடு விரலால் தொட்டு ஒட்ட வேண்டும். ஒரு கணம் பிந்தினால் இழை சேராது. இதை வருஷக்கணக்கில் பழகிய கைக்கு அடுத்த படி மேஸ்திரி. அதுவும் பிரிவுக்கு ஒன்றிரண்டு பேருக்குத்தான். அதோடு சரி.

தனியாக ஏற முடியாதவர்கள் சேர்ந்து ஏறினார்கள். 1918-இல் சென்னையில் வாடியா என்பவர் தொழிலாளர் சங்கம் கண்டார்; அதே ஆண்டு மதுரை ஆலைத் தொழிலாளரைத் திரட்டினார் வக்கீல் ஜார்ஜ் ஜோசப், ஊர் ‘ரோசாப்பூ துரை’ என்று கொண்டாடிய மனிதர். 1911 தொழிற்சாலைச் சட்டப்படி ஆலையில் நாளுக்கு 12 மணி நேர வேலை. 1922-இல் வாரத்துக்கு 60 மணி, 1934-இல் 54, 1948-இல் 48. எங்களுக்குக் கிடைத்த பதவி உயர்வு இதுதான் என்பேன். 1952-இல் வைப்புநிதிச் சட்டம், 1972-இல் பணிக்கொடைச் சட்டம்.

பதிலிக்கு விடிந்தது 1981-இல். இரண்டு வருஷத்தில் 480 நாள் தொடர்ந்து வேலை பார்த்தவரை நிரந்தரமாக்க வேண்டும் என்று தமிழ்நாடு அரசு சட்டம் போட்டது. ஆனால் எங்கள் மில்லில் 480 நாள் கணக்கு நெருங்கும்போது ஆளை வீட்டுக்கு அனுப்பி, புது டோக்கன் கொடுத்து மறுபடி எடுப்பார்கள். தொழிலாளி மேல் தப்பில்லாமல் வேலை நின்றால் அது இடைவெளி ஆகாது என்று அந்தச் சட்டத்திலேயே இருக்கிறது. முன்பு வேலை பார்த்ததற்குச் சாட்சியான பழைய டோக்கன்களைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்தவர்களின் பெயரைச் சேர்த்துத்தான் சங்கம் மனுப்போட்டது. அதில் நானும் ஒருவன்.